செங்கல் நிறமும் மெட்ராஸ் ஐயும்

கே.ஜி.கண்டிகை தணிகாசலத்தின் மகள் நிர்மலாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, வந்த மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நிபந்தனையைத்தான் போட்டார்கள். பெண் மேக்கப் போடுகிறவளாக இருக்கக்கூடாது. ஆனால் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். சொல்கிறவர்களுக்கும் சிரிப்பு வந்ததில்லை, கேட்கிறவர்களுக்கும் வந்ததில்லை.

தணிகாசலமும் லேசுப்பட்டவரில்லை. கரும்பும் வேர்க்கடலையும் போட்டு நிமிர்ந்த குடும்பம். வாக்கில் சுத்தமானவர் என்று ஊரில் பெயர். அந்தச் சுத்தமான வாயால், "எங்க பொண்ணு பவுடர் டப்பாவத் தொறந்துகூடப் பாத்ததில்லீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். நிர்மலாவோ அரக்கோணத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கிறவள். காலையில் திருத்தணி வந்து ரயிலேறிப் போனால், பொழுது சாயும்வரை பவுடர் டப்பாக்களைத் திறப்பதும் மூடுவதும்தான் அவள் உத்தியோகமே. வீட்டில் அதைக் "கடையில கணக்குப் பாக்குது" என்று மாற்றி வைத்திருந்தார்கள். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

நிர்மலாவுக்கு அந்த வேலை என்றால் உயிர். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அவள் சொல்வதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். எதை எடுத்துக் கொடுத்தாலும் அதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று இரண்டையும் சொல்லித்தான் கொடுப்பாள். இந்த லிப்ஸ்டிக் நிறம் அருமை, ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு போய்விடும் என்பாள். முதலாளி முரளிதரனுக்கு ஆரம்பத்தில் வயிற்றெரிச்சல். விற்கச் சொல்லி வைத்த பெண் வியாபாரத்தைக் கெடுக்கிறதே என்று புலம்பினார். பிறகு பார்த்தால், கல்யாணப் பெண்களெல்லாம் உண்மையைச் சொல்கிற அக்கா எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். முதலாளியின் வயிறு தானாகவே குளிர்ந்துவிட்டது.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கடைக்கு ஒரு ஐஷேடோ பேலட் வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டை டப்பா. திறந்தால் கண் இமைக்குப் பூசும் பொடிகள் கட்டம் கட்டமாக இருக்கும். எல்லாம் 'வார்ம் டோன்' என்று மூடியில் போட்டிருந்தது. நீலம், சாம்பல், ஊதா என்று குளிர்ந்த ரகம் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் வெயிலில் காய்ந்த நிறங்கள். கட்டங்களுக்கு அடியில் இருந்த இங்கிலீஷ் பெயர்களை நிர்மலா சட்டை செய்யவில்லை. மாம்பழம், நாட்டுச் சர்க்கரை, மண்சட்டி, செம்புக் குடம், மிளகாய்த் தூள், செங்கல் என்று அவளாகவே பெயர் வைத்தாள். வாங்க வருகிறவர்களும் அதே பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தனக்கென்று ஒன்றை வாங்கித் தன் இமையிலேயே பலநாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் தீர்ப்புச் சொன்னாள். நம் மாநிறத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற டப்பாக்கள் மாதிரி தோலில் சாம்பல் பூத்துக் கிடக்காது. தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் நிறம் அப்படியே உட்காரும். பட்டுக்கும் பொருந்தும், தங்கத்துக்கும் பொருந்தும். மாம்பழமும் நாட்டுச் சர்க்கரையும் மட்டும் போட்டால் போட்டதே தெரியாது, கண் மட்டும் எழுந்து உட்காரும். இதெல்லாம் நல்லது. கெட்டதும் இருந்தது. பொடி கன்னத்தில் உதிரும். எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டைக் கலந்தால் எது எதுவென்று தெரியாது. ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம் அந்தச் செங்கல். ராத்திரி விளக்கில் ராணி மாதிரி காட்டும். பகல் வெயிலிலோ, பார்க்கிறவன் பயந்து டாக்டர் பெயரைச் சொல்லுவான். பகலில் செங்கல்லைத் தொடவே தொடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்லுவாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணி நடுவில் தரகர் பக்தவச்சலம் ஒரு வரனோடு வந்தார். கனகம்மாசத்திரத்தில் நிலபுலத்தோடு இருக்கும் கன்னியம்மாளின் ஒரே மகன், பெயர் அருண்பாண்டியன், அரக்கோணத்தில் ரயில்வே வேலை, கல்யாணமானால் அங்கேயே குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதுவரை வந்த வரன்களெல்லாம் நகரிக்கு அந்தப் பக்கம், சோளிங்கருக்கும் அந்தப் பக்கம் என்று, தாலி ஏறியதும் வேலையை விட்டாக வேண்டிய ஊர்களாகவே இருந்தன. இதுதான் முதல் தடவையாக நிர்மலாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் போட்டோவை அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து கடைக்கு எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று மனசுக்குள் நடந்து பார்த்துக்கொண்டாள்.

தணிகாசலமும் முடிவாகச் சொல்லிவிட்டார். இது தட்டிப்போனால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பெண் வேலைக்குப் போவதால்தான் வரன் தட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அமைந்தால் வேலை தங்கும், தட்டினால் போகும். பெண் பார்க்கக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் நிர்மலாவின் முழுப் பிழைப்பும் இப்படி வந்து மாட்டிக்கொண்டது.

பெண் பார்ப்பது மலைமேல் என்று முடிவாயிற்று. திருத்தணிப் பக்கத்தில் இதற்கு ஒரு சௌகரியமான ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததுபோல் தனித்தனியாக மலையேறும், பிரகாரத்தில் எதிர்ப்படும், அடடே, நீங்களா என்று ஆச்சரியப்படும். பிடித்திருந்தால் ஓரமாக உட்கார்ந்து பேசும். பிடிக்கவில்லையென்றால் பிரசாதம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். யாரும் யாரையும் பார்க்க வரவில்லை, யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை. முருகனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வெளியில் சொல்ல மாட்டார். முகூர்த்த மாதங்களில் இப்படித் தற்செயலாகச் சந்திக்கும் குடும்பங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதை அங்கே பார்க்கலாம்.

அன்று காலையில் நிர்மலாவை அலங்கரிக்கும் பொறுப்பு அத்தை ஜெயம்மாளுடையது. தணிகாசலத்தின் அக்கா, நிர்மலாவின் தாய் போன பிறகு அந்த வீட்டை ஆளுகிறவள். அத்தையின் கட்டளை தெளிவாக இருந்தது. மேக்கப் போட வேண்டும், போட்டது தெரியக்கூடாது. இது நிர்மலாவுக்குக் கைவந்த வேலை. மாம்பழத்தைத் தொட்டு இமையில் இழுத்து, ஓரத்தில் நாட்டுச் சர்க்கரையைத் தேய்த்துக் கரைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த, ஒரு கவலையும் இல்லாத பெண் ஒருத்தி கண்ணாடியில் இருந்தாள். நிர்மலாவுக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது.

ஜெயம்மாள் வந்து மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இன்னாடி இது, இம்மா நேரம் போட்டுகினு இருந்தே, ஒண்ணுமே தெரியலியே?" என்றாள்.

தெரியக்கூடாது என்றுதானே சொன்னீர்கள் என்று நிர்மலா கேட்டாள். அத்தைக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. திறந்திருந்த டப்பாவை உற்றுப் பார்த்தாள். கட்டங்களின் ஓரத்தில் செங்கல், குங்குமத்துக்குப் பக்கத்து வீடு போல் சிவந்து கிடந்தது. மங்களகரமான நிறத்தை விட்டுவிட்டு வெளுத்ததைப் பூசியிருக்கிறாளே பெண் என்று நினைத்தாளோ என்னவோ, வீட்டுக்கு வரும் சுமங்கலிகளுக்குக் குங்குமம் வைக்கும் அதே மோதிர விரலை அதில் அழுத்தி எடுத்து, நிர்மலாவின் இரண்டு இமையிலும் தாராளமாக ஒற்றிவிட்டாள். கரண்ட் போயிருந்தது. அந்த அரை இருட்டில் அது அழகாகத்தான் தெரிந்தது.

நிர்மலா முகம் கழுவப் போனாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது முகத்தைக் கழுவித் துடைத்தால் விளங்குமா என்று அத்தை வழி மறித்தாள். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது, தணிகாசலமும் அதற்குப் போட்டியாகக் கத்தினார். ஆட்டோவில் போகும்போது நிர்மலா கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தாள். வறண்ட துணி பட்டதும் செங்கல் இமையை விட்டுக் கிளம்பிக் கண்ணுக்குக் கீழேயும் போய் உட்கார்ந்துகொண்டது. மலைமேல் போனதும் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கனகம்மாசத்திரத்தார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, தற்செயலாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரகாரத்தில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. தரகர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, அடடே என்று முதலில் ஆச்சரியப்பட்டார். எல்லோரும் முறைப்படி ஆச்சரியப்பட்டு முடித்தார்கள். கன்னியம்மாள் ஆகிருதியான பெண்மணி. வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூட வேண்டும் என்று பழகியவள். சிரித்துக்கொண்டே நிர்மலாவின் கையைப் பிடிக்க வந்தவள், முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அது மெட்ராஸ் ஐ பரவியிருந்த சமயம். ஊரில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு அலைந்தார்கள்.

"பொண்ணுக்குக் கண்ணு நோவா?" என்றாள் கன்னியம்மாள்.

தணிகாசலம் மகளை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். திக்கென்று ஆயிற்று. அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மேக்கப் என்று சொல்லலாம். வாக்குச் சுத்தம் போய்விடும். இரண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அப்படியானால் பெண் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள், யாரோ ஒருவனை மனசில் வைத்திருக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும். மூன்றாவது, நோய். மானஸ்தர் தணிகாசலம் பெற்ற மகளுக்கு நோயைக் கொடுத்துக் குடும்ப மானத்தைக் காப்பாற்றினார்.

"ஆங். மெட்ராஸ் ஐங்க. நேத்துதான் வந்துது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, நம்ப வேண்டுமே என்று மகளிடமிருந்து ஓரடி தள்ளியும் நின்றுகொண்டார்.

ஜெயம்மாளும் விடிந்ததிலிருந்து கண்ணில் ஒரே தண்ணீராகக் கொட்டுகிறது என்று எடுத்துக் கொடுத்தாள். தரகர் சட்டைப் பையிலிருந்த தன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். ஆம்பிளை மூக்குக்குச் செய்த கண்ணாடி. நிர்மலாவின் கன்னம்வரை மறைத்தது. அதைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் விலகி நிற்க, நடுவில் அவள் தனியாக நின்றாள். அவமானத்தில் காது சுட்டது. அப்பா அந்த ஓரடி தள்ளி நின்றதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

இதோடு எல்லோரும் பிரசாதம் வாங்கப் போயிருப்பார்கள். ஆனால் கன்னியம்மாளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. கனகம்மாசத்திரத்தில் யாருக்குக் கண் வலித்தாலும் அவளிடம்தான் வருவார்களாம், அவள் கை பட்டால் டாக்டர் தேவையில்லையாம். கண்ணில் சூடு ஏறியிருக்கிறது, ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூக்காரியிடம் ஒரு கை நந்தியாவட்டை வாங்கினாள். பாட்டில் தண்ணீரில் பூக்களை நனைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, நிர்மலாவின் மூடிய இமைகளில் வைத்து அழுத்தி எடுத்தாள்.

வெள்ளைப் பூ செங்கல் நிறத்தில் வந்தது.

நிர்மலா கண்ணை மூடியபடியே, முடிந்தது என்று நினைத்தாள்.  கன்னியம்மாள் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு பூவை நனைத்து ஒற்றினாள். அதுவும் சிவந்தது. மூன்றாவது பூ வெள்ளையாகவே வந்தபோது, நிர்மலாவின் இமைகளும் பளிச்சென்று இருந்தன.

"பாத்தீங்களா, சூடு அப்படியே எறங்கிச்சி" என்றாள் கன்னியம்மாள். அவள் குரலே கொஞ்சம் நடுங்கிற்று. இத்தனை வருஷத்தில் அவள் வைத்தியம் இவ்வளவு வேகத்தில் வேலை செய்தது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார், கிருமி பூவோடு வந்துவிட்டது என்றார். ஜெயம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு அம்மா இடுப்புக் குழந்தையோடு வந்து, இதற்கும் கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்டாள். சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. முருகன் சந்நிதியில், தன் கையால் குணமான பெண்ணை வேறு வீட்டுக்கு விட முடியாது என்று கன்னியம்மாள் அங்கேயே அறிவித்தாள். தரகர் முகம் மலர்ந்தது. சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

பிறகு கன்னியம்மாள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, மருத்துவர் தோரணையில் ஒன்று சொன்னாள். "இந்த நோவு அந்தக் கடையிலேந்துதான் ஒட்டிகினு வந்திருக்கும். கண்டவங்களும் வந்து போற எடம். நிச்சயத்தோட வேலைய நிறுத்திடுங்க."

"நிறுத்தியாச்சுன்னே வச்சுக்கோங்க" என்றார் தணிகாசலம், மூச்சுகூட விடாமல்.

எந்த வேலை தங்க வேண்டும் என்று நிர்மலா இந்த வரனுக்குத் தலையாட்டினாளோ, அந்த வேலை அவள் கண் முன்னாலேயே போய்விட்டது. இல்லாத நோய்க்கு இருக்கிற வேலையைக் காவு கொடுக்கிறார்கள். நிர்மலா முன்னால் வந்தாள். "அது நோவு இல்லீங்க. கண்ணுக்குப் போடற கலரு. கடையில நான் விக்கிறதே அதத்தான்" என்றாள்.

கூட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. இடுப்புக் குழந்தைக்காரி த்சொ என்றாள். கன்னியம்மாள் நிர்மலாவின் தலையைத் தடவிக் கொடுத்து, பாவம், பயத்தில் உளறுகிறது என்றாள். காய்ச்சலும் இருக்கிறது என்று தணிகாசலம் மகளுக்கு இரண்டாவது நோயையும் கொடுத்தார். பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள் உண்மையை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று தரகர் சொன்னார். அதுவும் முறைதான். கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார்கள். கீழே ஊரும், ரயில் பாதையும், குளமும் வெயிலில் கிடந்தன. அப்போதுதான் நிர்மலா மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

வாட்டசாட்டமாக இருந்தான். ஆனால் அவள் கண் தொழில் பழகிய கண்ணாயிற்றே. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். காதோரத்தில் வியர்வை வழிந்த இடத்தில் கோடு விழுந்திருந்தது. நெற்றி வியர்வையை அவன் துடைக்கவில்லை, கைக்குட்டையை மடித்து ஒற்றி ஒற்றி எடுத்தான். போட்டுப் பழகியவர்கள்தான் அப்படி எடுப்பார்கள். வெள்ளைக்காரர் தோலுக்குச் செய்த ஃபவுண்டேஷனை மாநிறத்தின்மேல் அப்பி, வெயிலில் அது சாம்பல் பூத்துப்போய், மாவரைத்த கையோடு முகத்தைத் தடவிக்கொண்டவன் போல் நின்றான்.

அருண்பாண்டியன் தாழ்ந்த குரலில், ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசினான். அது ஐஷேடோ என்று தனக்கு அப்போதே தெரியும், தங்கையோடு பிறந்தவனாயிற்றே. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்; அவள் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும். தான் பரந்த மனசுக்காரன், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். ஆனால் வேலை விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி.

"எனுக்கு இந்த மேக்கப் போடறவங்களையே கண்டா ஆவாது" என்றான். "கடவுள் குடுத்த மூஞ்சி எப்பிடியோ அப்பிடியே இருக்கணும். அதான் அழகு."

நிர்மலாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடவுள் கொடுத்த முகம் காதோரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.  அவள் திரும்பி நேராகக் கன்னியம்மாளிடம் வந்தாள்.

கன்னியம்மாள் அதற்குள் குழந்தையின் கண்ணுக்குப் பூ வைத்து முடித்து, சுற்றி நின்றவர்களுக்கு வைத்திய விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். மிச்சப் பூ கையில் ஈரமாக இருந்தது.

"நான் சொன்னது தப்புதாங்க. உங்க கை ராசியான கை" என்றாள் நிர்மலா, எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க பையனுக்கும் பாருங்க, மூஞ்சி மட்டும் வெளுத்துப்போயி இருக்குது. கழுத்து நல்லாத்தான் இருக்குது. ஒரு பூ வச்சிப் பாருங்களேன்."

கூட்டம் மொத்தமாகத் திரும்பி அருண்பாண்டியனைப் பார்த்தது. ஆமாம், வெளுத்துத்தான் இருக்கிறது, ரத்தச் சோகையாக இருக்கும் என்றார் ஒரு பெரியவர். அருண்பாண்டியன், அதெல்லாம் ஒன்றும் இல்லை, வெயில், கிளம்பலாம் என்றெல்லாம் முனகியபடி பின்னால் நகர்ந்தான். பின்னால் தூண் இருந்தது. வெற்றியில் இருந்த கன்னியம்மாள் அவன் எதிர்ப்பையெல்லாம் காதில் வாங்கவில்லை. சின்ன வயசில் தலை வாரிவிடப் பிடிப்பதுபோல் ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து, மறு கையால் நந்தியாவட்டையை நெற்றிப்பொட்டில் வைத்து மோவாய்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

பூ அரிசி மாவில் புரட்டி எடுத்தது போல் வந்தது. கன்னத்தில் அகலமாக ஒரு பட்டை, நல்ல கருப்பு கலந்த மாநிறத்தில், அம்மாவின் நிறம் எதுவோ அதே நிறத்தில் தெரிந்தது.

"இவருக்கு இன்னா நோவுங்க?" என்று குழந்தைக்காரி உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

 பெரியவர் இருமினார். தரகர் பக்தவச்சலம் அனுபவஸ்தர். சத்தமில்லாமல் போய்ப் பிரசாத வரிசையில் நின்றுகொண்டார். தணிகாசலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று, இனி எவன் வருவான் என்று அவர் உதடு முணுமுணுத்தது.  வேலையும் இல்லை, வரனும் இல்லை என்றால் நாளைக்கு எந்த முகத்தோடு எழுந்திருப்பது என்ற பயம் நிர்மலாவுக்கும் இல்லாமல் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கன்னியம்மாள் பூவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிர்மலாவின் முழங்கையைப் பற்றி, கூட்டத்தைத் தாண்டி அடுத்த தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அறையப்போகிறாளோ என்று நிர்மலா நினைத்தாள். கன்னியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"இது தண்ணி பட்டா போயிடுதே" என்றாள், காதுக்குள். "மணவறையில பொகை, வேர்வைன்னு எத்தினி இருக்கும். அழியாத மாதிரி ஒண்ணு உங்க கடையில இருக்குதா?"

 மேக்கப் போடுவது அந்த அம்மாவுக்குக் குற்றமாகவே தெரியவில்லை, கலைந்துபோவதுதான் குற்றம். அது புரிந்ததும் நிர்மலாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவளாகவே ஆகிவிட்டாள்.

"இருக்குதுங்க. ஆனா அவரு நெறத்துக்குப் பாத்துத்தான் எடுக்கணும். வேற யார் எடுத்துக் குடுத்தாலும் இப்பிடித்தான் மாவு பூசின மாதிரி ஆயிடும்."

"நீயே எடுத்துக் குடு."

"நான் கடையில இருந்தாத்தானே எடுத்துத் தர முடியும்."

கன்னியம்மாள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற மகனை எட்டிப் பார்த்தாள். பிறகு, கல்யாணத்தோடு முடியாதே, டப்பா தீரத் தீர வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அப்ப நானும் தொடந்து கடையில இருக்கணுங்க" என்றாள் நிர்மலா.

கன்னியம்மாள் பெருமூச்சு விட்டாள். தூணைச் சுற்றி வந்து, பெண் வேலைக்குப் போவதைப் பற்றித் தான் மறுபடி யோசித்ததாகவும், இந்தக் காலத்தில் ஒரு பெண் சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை என்றும் சபைக்குச் சொன்னாள். தணிகாசலம் கண்ணைத் திறந்து, நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். தரகர் வரிசையை விட்டு ஓடி வந்தார். அருண்பாண்டியன் மட்டும், பாதி முகம் வெளுப்பும் பாதி முகம் மாநிறமுமாக, எந்தப் பக்கத்தை மறைப்பது என்று தெரியாமல் நின்றான்.

எல்லோரும் இப்போது நிர்மலாவைப் பார்த்தார்கள். அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் அவசரப்படவில்லை. மாப்பிள்ளையின் கன்னத்தில் தெரிந்த அந்தப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நிறம். இதன்மேல் எதற்காக இப்படி அப்பினான் என்று அவன்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"மொதல்ல அந்த இன்னொரு கன்னத்தையும் தொடச்சி வுடுங்க" என்றாள் கன்னியம்மாளிடம். "முழுசா பாத்துட்டுச் சொல்றேன்."

கன்னியம்மாள் மறுபேச்சுப் பேசாமல் பூக்காரியிடம் போய் இன்னொரு கை நந்தியாவட்டை வாங்கினாள்.